நூறு சதவீதம் வந்த வருடம்

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பிறகு நடவுக்குப் போனேன். இப்போதும் போகிறேன். எங்கள் தெருப் பெண்களுக்கு நான்தான் ஆள் கூட்டுகிறவள். நாளைக்கு எந்த வயல், எத்தனை பேர் வேண்டும் என்று சாயங்காலமே சொல்லி வைப்பேன். காலையில் வராதவளை அவள் வாசலில் நின்று கூப்பிடுவேன். தெருக்கோடி வரை கேட்கும்.

அந்தக் குரலுக்காகத்தான் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவுக்கு என்னைத் தலைவி ஆக்கினார்கள். அங்கே படிக்கிற பிள்ளையின் தாய்தான் தலைவியாக இருக்கவேண்டும் என்பது விதி. கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"இந்த அக்காவப் போடுங்க சார். அதட்டுனா எருமைகூட எந்திரிச்சு நிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். கை தூக்கினார்கள். நான் தலைவியானேன். என் மகள் அப்போது ஒன்பதாவது.

எங்களுடையது அரசு உயர்நிலைப் பள்ளி. பத்தாவது வரைக்கும்தான் உண்டு. பதினொன்று படிக்க டவுனுக்குப் போகவேண்டும். பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மழைக்காலத்தில் அதுவும் வாய்க்கால் பாலம் வரைதான். பையன்கள் எப்படியோ போய்விடுவார்கள். பெண் பிள்ளைகள் பாதிப் பேர் பத்தாவதோடு நின்றுவிடுவார்கள். பள்ளியை மேல்நிலையாக்கித் தரவேண்டும் என்று ஊர் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

தலைமை ஆசிரியர் தஞ்சாவூரிலிருந்து வருகிறவர். ஓய்வு பெற இரண்டு மூன்று வருடம் பாக்கி. ஒல்லியான மனிதர். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். என்னைப் போன்றவளைக்கூட நாற்காலியில் உட்காரச் சொல்வார்.

"உக்காருங்கம்மா. நீங்க தலைவி. நின்னுக்கிட்டு இருந்தா எனக்குப் பாவம்."

அவர் சொன்ன வேலையைச் செய்தேன். அறுப்புச் சமயத்தில் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள். ஒருவன் ஆடு ஓட்டப் போயிருப்பான். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பாள். நான் வேலை முடிந்து வரும்போது அந்த வீடுகளில் ஏறி இறங்குவேன். திட்டுவேன். மறுநாள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும். பெற்றவளும் என்னிடம்தான் வேலைக்கு வரவேண்டும். அதனால் எதிர்த்துப் பேசமாட்டாள்.

என் மகள் பத்தாவதுக்கு வந்த வருடம் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். படிப்பில் மெதுவாகப் போகிற பிள்ளைகளுக்கு. கணக்குக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு சின்னப் பெண் தற்காலிகமாக வந்து சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்தால் எதுவும் ஏறாது என்று தலைமை ஆசிரியர் கொண்டைக்கடலை வாங்கித் தந்தார். அவர் சொந்தக் காசு. சத்துணவுக் கூடத்தில் நான் அதை வேகவைத்துச் சுண்டல் செய்து கொடுப்பேன். வகுப்பு முடியும்போது இருட்டத் தொடங்கிவிடும். பெண் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு வருவேன். எல்லார் வீட்டு வாசலிலும் விட்டுவிட்டு, கடைசியாக நானும் என் மகளும்.

அவள் மெதுவாகப் போகிற பிள்ளைதான். தமிழ் நன்றாக வரும். பாட்டை ஒருமுறை கேட்டால் சொல்லிவிடுவாள். இங்கிலீசும் கணக்கும் வராது. கணக்கு சுத்தமாக வராது. வராததை வரும் என்று அவளும் சொன்னதில்லை.

"இன்னிக்கு என்னடி நடத்துனாங்க?"

"கணக்கு."

"புரிஞ்சுதா?"

"சுண்டல் நல்லா இருந்துச்சும்மா."

அரையாண்டுத் தேர்வில் இங்கிலீசு, கணக்கு இரண்டிலும் தோற்றாள். பொங்கல் கழிந்து தலைமை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. தலையில் தூசியோடு அப்படியே போனேன். அறையில் அவர் மட்டும் இருந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்.

"போன வருஷம் ஒரே ஒரு பையன்மா ஃபெயில். ஜில்லா மீட்டிங்ல அத்தனை தலைமை ஆசிரியர் முன்னாடியும் என்னை எழுப்பி நிக்க வச்சாங்க. ஏன் போச்சு, என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்கன்னு. என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் அதே மீட்டிங்ல தலைமை ஆசிரியரா உக்காந்திருக்கான். அவன் பாத்துக்கிட்டு இருக்கான்."

நான் தண்ணீர் டம்ளரை மேசைமேல் வைத்தேன்.

"இந்த வருஷம் நூறு சதவீதம் வந்தா பிளஸ் டூ கேக்கலாம்மா. தைரியமா கேக்கலாம். மத்த பிள்ளைங்க எல்லாம் எப்படியும் தேறிடும்."

"எம் பொண்ணு தேறாதுங்கறீங்க."

அவர் மேசையைப் பார்த்தார்.

"தேர்வுக்கு வரலைன்னா ஃபெயில்ல சேராதும்மா. எழுதினவங்களைத்தான் கணக்குப் பாப்பாங்க. உடம்பு சரியில்லைன்னு இருந்துட்டு ஜூன்ல துணைத் தேர்வு எழுதட்டும். அதே கேள்வி, அதே சர்டிபிகேட். ஆனா முதல் நாளே வரக்கூடாது. ஒரு பரீட்சை எழுதிட்டாலும் கணக்குல வந்துரும்."

"எழுதட்டும் சார்."

"யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சுட்டேன். அவ எழுதட்டும். போனா போகட்டும்."

"ஊருக்கு நல்லதும்மா."

"ஊர்ப் பிள்ளைதான் சார் அதுவும்."

அவர் அதற்குப் பிறகு என்னிடம் அதைப் பேசவில்லை. சாயங்கால வகுப்பிலிருந்து அவளை நிறுத்தவும் இல்லை. சுண்டலும் நிற்கவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் கோபம் வரவில்லை. சொன்னது சொன்னதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் சம்பா அறுத்த வயலில் உளுந்து நிற்கும். பங்குனியில் எடுப்புக்கு வரும். உளுந்தைப் பனியில் பிடுங்கவேண்டும். செடி ஈரமாக இருக்கும்போதே கையால் பிடுங்கிக் குவித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் நெத்து வெடிக்கும். மணி மண்ணில் கொட்டிப்போகும். அதனால் விடிவதற்கு முன்பே வயலில் இறங்கவேண்டும். கூலியும் உளுந்தாகத்தான். வருடத்துக்கு வேண்டிய உளுந்தை அந்தக் கொஞ்ச நாளில் சேர்த்துக்கொண்டால் உண்டு. பத்தாவது பரீட்சையும் அதே பங்குனியில்தான் வரும். எல்லா வருடமும் அப்படித்தான்.

பரீட்சை டவுன் பள்ளியில். குழுத் தலைவி என்ற முறையில் பிள்ளைகளுக்கு வண்டி பேசி வைத்தது நான். ஒரு குட்டியானை, அந்தச் சின்னச் சரக்கு வண்டி. எட்டு மணிக்குக் கோயிலடியில் வந்து நிற்கும் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருந்தேன்.

முதல் நாள் தமிழ். அதற்கு முந்தின சாயங்காலம் தெற்கே மேகம் கட்டியிருந்தது. கோடை மழை ஒன்று விழுந்தால் உளுந்து கறுத்துவிடும். வயல்காரர் நேரில் வந்தார்.

"நாளைக்கே எடுத்துடணும். ஆளை விட்டுடாத."

வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் அறுப்பு மிஷினோடு விழுப்புரம் பக்கம் போயிருந்தார். மகளிடம் சொன்னேன்.

"நாளைக்கு நான் இருக்க மாட்டேன். சோறு வடிச்சு வச்சுட்டுப் போறேன். எட்டு மணிக்குக் கோயிலடி."

"ம்."

"தமிழ்தானே. உனக்கு வரும்."

"ம்."

விடியுமுன் கிளம்பும்போது பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் புதுப் பேனா இரண்டு இருந்தது. எழுப்பவில்லை.

வயலில் வரிசை பிடித்தோம். பேச்சு ஓடியது. பக்கத்து வரிசைக்காரி கேட்டாள்.

"யக்கா, பொண்ணுக்குப் பரீட்சை. நீ இங்க நிக்கிற?"

"அவதானே எழுதப் போறா. அக்கா போயி உளுந்தா பிடுங்கும் அங்க?" என்றாள் இன்னொருத்தி.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெயில் ஏறி, பிடுங்குவது முடிந்து, குவியலைக் கட்டிக்கொண்டிருந்தோம். வரப்பில் யாரோ வருவது தெரிந்தது. பழைய பாவாடை, மேலே அவள் அப்பா சட்டை. வேலைக்குப் போடுகிற உடுப்பு. என் மகள்.

"தலைவி மக வந்துட்டாடி! அதுக்குள்ள எழுதி முடிச்சுட்டியா?" என்று ஒருத்தி கத்தினாள். பிறகு அவளே வாயை மூடிக்கொண்டாள்.

மகள் வயலில் இறங்கி, நான் கட்டி வைத்த கட்டைத் தூக்கினாள்.

"ஏண்டி வந்த?"

"வேலைக்கு."

"வண்டி?"

"வந்துச்சு. போயிடுச்சு."

"நீ ஏறல?"

"ஏறல."

வயல்காரரிடம் மணி கேட்டேன். பத்தைத் தாண்டி நேரமாயிற்று, பரீட்சை தொடங்கியிருக்கும் என்றார். நேரம் போகட்டும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, போனபிறகு வந்திருக்கிறாள். அதற்குமேல் ஓடி என்ன செய்ய. அவள் கட்டைக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நான் அடுத்த கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன். அடிக்கவில்லை.

"யாரு சொன்னா உன்னை?"

"யாரும் சொல்லல."

"சார் சொன்னாரா?"

பாவாடையில் ஒட்டியிருந்த உளுந்துச் சருகைக் கிள்ளி எடுத்தாள்.

"சார் திட்டலம்மா. ஆபீசுக்குக் கூப்பிட்டாரு. மீட்டிங்ல நிக்க வச்சதச் சொன்னாரு. சொல்லிக்கிட்டே அழுதுட்டாரு."

"அழுதாரா?"

"கண்ணாடியைக் கழட்டித் தொடச்சாரு. அவ்வளவு பெரிய மனுஷன் என் முன்னாடி அழுதா நான் என்னம்மா பண்றது?"

நான் சும்மாட்டுத் துணியை உதறிக் கொடியில் போட்டேன்.

"எங்க கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் இங்கயே பிளஸ் ஒன் வரும்னு சொல்லிக்கிட்டிருக்குதுங்க. என்னால போச்சுன்னா என்னை எப்படிப் பாப்பாங்க? ஜூன்ல எழுதிக்கறேன்."

"தமிழாவது எழுதியிருக்கலாமே."

"ஒண்ணு எழுதினாலும் கணக்குல வரும்னு சார் சொன்னாரு."

என்னிடம் சொன்ன அதே வார்த்தை. நான் மாட்டேன் என்றதும் அவளிடம் போயிருக்கிறார். சோற்றுப் பானையைத் திறந்தேன். காலையில் வடித்து வைத்தது அப்படியே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டோம். மழை அன்று வரவில்லை.

அடுத்தடுத்த பரீட்சைகளுக்கு வண்டி எட்டு மணிக்கு வந்து நின்றது. பிள்ளைகளை ஏற்றிவிட்டேன். அவளைப் போகச் சொல்லவில்லை. போகமாட்டாள் என்று தெரியும்.

மே மாதம் முடிவு வந்தது. நூறு சதவீதம். கோயிலடியில் வெடி போட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் பெரிய பேனர் கட்டினார்கள். எல்லாப் பிள்ளைகளின் போட்டோவும் அதில் இருந்தது. என் மகள் படம் இல்லை. குழுத் தலைவி என்று என் படம் மேலே ஓரத்தில் இருந்தது. என்னைக் கேட்காமல் போட்டிருந்தார்கள்.

பாராட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிடத் தலைமை ஆசிரியர் எங்கள் வீட்டுக்கே வந்தார். வெளியில் நின்றபடி பேசினார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்க உதவிய மறக்க மாட்டேம்மா."

"நான் ஒண்ணும் உதவல சார்."

"வந்துடுங்கம்மா. தலைவி இல்லாம நல்லா இருக்காது."

உள்ளே மகள் இருந்தாள். அவர் அவளை விசாரிக்கவில்லை. அவள் இருந்த பக்கம் பார்க்கக்கூட இல்லை.

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். மகள்தான் சொன்னாள். "போம்மா. போகலைன்னா என்னால போகலன்னு பேசுவாங்க." போனேன். டவுனிலிருந்து பெரியவர்கள் வந்திருந்தார்கள். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கத்திரி வெயிலில் கழுத்தெல்லாம் கசகசவென்று இருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள்.

"எம் பொண்ணு எழுதல. எழுதியிருந்தா நூறு வந்திருக்காது" என்றேன். அவ்வளவுதான் எனக்குப் பேச வந்தது.

கை தட்டினார்கள். மைக்கை வாய்க்கு நேராகப் பிடிக்கத் தெரியாததால் என்ன சொன்னேன் என்று முன் வரிசைக்குத்தான் கேட்டிருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பேசினால் தட்டவேண்டும் என்று தட்டினார்கள். தலைமை ஆசிரியர் சட்டென்று மைக்கை வாங்கி அடுத்தவர் பெயரைச் சொன்னார். எனக்கு நேராக உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்குத் தெரியும்.

ஜூன் பரீட்சைக்குப் பிள்ளை தயாராகவேண்டுமே. கணக்கு சொல்லித் தந்த அந்தச் சின்னப் பெண்ணைத் தேடிப் போனேன். லீவு மாதத்துக்குத் தற்காலிக ஆசிரியருக்குச் சம்பளம் கிடையாதாம். திருச்சியில் ஏதோ கடையில் சேர்ந்துவிட்டாள் என்று அவள் வீட்டில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டேன். சாயங்கால வகுப்பு இனிமேல் பத்தாவது போகிற புதுப் பிள்ளைகளுக்குத்தான் என்றார்கள். அவள் இப்போது எந்த வகுப்பிலும் இல்லை.

ஃபேனுக்குக் கீழே புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கரண்டு போனால் வேப்பமரத்தடிக்குப் போவாள். நான் பக்கத்தில் உட்காருவேன். அந்தக் கணக்கெல்லாம் எனக்கு என்ன தெரியும். பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்னம்மா பாக்குற?"

"ஒண்ணுமில்ல. போடு."

"வரல."

"திரும்பப் போடு."

ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியிருந்தது. துணைத் தேர்வு நாட்களில் நான் எந்த வயலுக்கும் ஆள் கூட்டவில்லை. வயல்காரர்கள் ஏசினார்கள். காலை பஸ்ஸில் அவளைக் கூட்டிக்கொண்டு போய் டவுன் பள்ளி கேட்டுக்குள் விட்டேன். வெளியே வரும் வரை எதிரில் டீக்கடை ஓரத்தில் நின்றேன். ஒவ்வொரு நாளும் அப்படித்தான். எங்கள் ஊரிலிருந்து வேறு யாரும் வரவில்லை. வண்டியும் இல்லை, சுண்டலும் இல்லை.

தமிழில் நல்ல மார்க். கணக்கு போய்விட்டது. இங்கிலீசும் போய்விட்டது.

செப்டம்பரில் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். காலை முதல் ராத்திரி வரை நிற்கவேண்டும். உட்கார்ந்தால் திட்டுவார்களாம். ஹாஸ்டல் அங்கேயே. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவாள். கால் வீங்கியிருக்கும். வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். பரீட்சை பற்றி நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

அந்த வருடம் மேல்நிலையாக்கிய பள்ளிகளில் எங்கள் ஊர் வரவில்லை. நூறு சதவீதம் போதாதாம். பிள்ளைகள் எண்ணிக்கை குறைவு என்றார்கள். அவளோடு படித்தவர்களில் சில பெண்கள் டவுன் பஸ் ஏறினார்கள். மற்றவர்கள் வீட்டில்.

பிள்ளை பள்ளியில் இல்லாததால் தலைவி வேலையும் என்னைவிட்டுப் போனது. என்னோடு நடவுக்கு வருகிற ஒருத்தியைப் போட்டார்கள். அவள் மகன் பத்தாவது. போன தை மாதம் அறுத்த வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்தாள்.

"யக்கா, சார் கூப்பிட்டாரு."

பழையவர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். இவர் புதியவர்.

"என்ன சொன்னாரு?"

"உனக்குச் சொன்னதுதான். முதல் நாளே வரக்கூடாதாம். இவரும் நல்ல மனுஷன்தான் யக்கா. உக்கார வச்சுப் பேசினாரு."

"நல்ல மனுஷனாத்தான் இருப்பாரு."

"என்ன சொல்லட்டும்?"

"எழுதுவான்னு சொல்லு. சொன்னா மட்டும் பத்தாது. அன்னிக்கு உளுந்துக்கு வராத. நீயே கூட்டிக்கிட்டுப் போ. கேட்டுக்குள்ள அவன் போற வரைக்கும் நில்லு."

"ஃபெயில் ஆயிட்டா?"

"ஆகட்டும்."

அவள் வைக்கோல் பிரியை முறுக்கி முடித்தாள். தன் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் பேச்சைக் கேட்பாள் என்று நான் நினைக்கவில்லை. அவள் வீட்டுக்கும் உளுந்து வேண்டும்.

பங்குனியில் முதல் பரீட்சை அன்று அவள் வயலுக்கு நேரம் கழித்துத்தான் வந்தாள். வெயில் ஏறிவிட்டது. நெத்து வெடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். "தலைவிம்மாவுக்குப் பனி ஆகாது போல" என்று ஒருத்தி குத்தினாள். நான் என் வரிசையில் பாதியை அவளுக்கு விட்டேன்.

"உள்ள போயிட்டானா?"

"போயிட்டான் யக்கா."

அவன் எல்லாப் பரீட்சையும் எழுதினான். கணக்கில் போய்விட்டது. அந்த வருடம் நூறு வரவில்லை. பேனர் இல்லை, வெடி இல்லை. இவள் தெருவில் நடந்தால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புதுத் தலைமை ஆசிரியர் மீட்டிங் போய் வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்றார்கள்.

மே கடைசியில் போர்செட்டு வயலில் நாற்று பறிக்கும்போது அவள் என்னிடம் சொன்னாள்.

"ஜூன்ல திரும்ப எழுதறேங்கறான் யக்கா. ஒரு பாடம்தானே."

"நல்லது. யாரு சொல்லித் தர்றா?"

நாற்று முடியை வேர் மண் போகத் தண்ணீரில் அலசினாள். இரண்டு தடவை அலசினாள்.

"யாருமில்ல" என்றாள்.